அம்மியா, மிக்ஸியா, மில் பொடியா: ஓசூர் போகும் மகளுக்கு எதைக் கட்டிக் கொடுப்பது?

என் மகள் வருகிற மாதம் ஓசூரில் தனி வீடு எடுத்துக் குடி போகிறாள். இரண்டாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், நாலடி நீளத்துக்கு ஒரு கருங்கல் மேடை. அந்த மேடைதான் அடுப்படி. போன வாரம் போன் போட்டுக் கேட்டாள்: “ஆத்தா, அம்மி ஒண்ணு வாங்கிப் போடவா, நல்ல மிக்ஸியா வாங்கிக்கவா, இல்ல நீயே பொடி திரிச்சுக் குடுத்து விடுறியா? எல்லாத்தையும் வைக்க இங்க இடமில்லை.”

“அம்மிதான்” என்று சொல்ல வாயெடுத்தேன். செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கறிக்குழம்பு என்றால் அம்மியில் அரைத்ததுதான் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறவள் நான். ஆனாலும் வார்த்தை வெளியே வரவில்லை. எங்கள் அம்மி வீட்டின் பின்பக்கம் இரண்டாங்கட்டில் கிடக்கிறது. கடைசியாக அதில் அரைத்தது தீபாவளிக்கு. நானே நாள்தோறும் செய்யாததை, காலையில் எட்டு மணிக்கு வேலைக்கு ஓடுகிற பிள்ளையைச் செய்யச் சொல்வது நியாயமில்லை. சரி, மூன்றையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்துவிட்டே பதில் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி வாங்கி, மஞ்சள் தடவித் தீயில் வாட்டி வெட்டியதில் ஒன்றரைக் கிலோ கறி தேறியது. அதை அரை அரைக் கிலோவாக மூன்று பங்கு வைத்தேன். ஒரே அளவில் மூன்று இண்டாலியம் சட்டி. ஒவ்வொன்றுக்கும் சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 8 பல், தக்காளி 1, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. அரைக்கிற மசாலாவுக்கு வரமிளகாய் 6, மல்லி ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, சோம்பு முக்கால், சீரகம் அரை, கசகசா அரை, தேங்காய் கால் மூடி. தாளிக்கப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூவில் இரண்டு இதழ், கல்பாசி ஒரு சிட்டிகை, மராட்டி மொக்கு பாதி. மிளகாயில் பாதி குண்டு, பாதி நீட்டு. இரண்டும் கலந்தால்தான் காரமும் மணமும் நிறமும் சேர்ந்து வரும். அந்தக் குண்டு மிளகாய் ராமநாதபுரத்துச் சரக்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் அதுதான். நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு என்பதால் எளிதாகக் கிடைக்கிறது. ஓசூரில் தேட வேண்டியிருக்கும், அதனால் மகளுக்கு இதில் ஒரு கிலோ தனியாகக் கட்டியாயிற்று.

முதலில் அம்மி. வறுத்ததை ஆறவிட்டு, மிளகாயையும் மல்லியையும் முதலில் வைத்துத் தண்ணீர் தெளித்துத் தட்டி, பிறகு இழுக்க ஆரம்பித்தேன். அம்மியில் நடப்பது வெட்டு இல்லை, நசுக்கல். குழவி முன்னால் போகும்போது மிளகு உடைகிறது, பின்னால் வரும்போது அதே மிளகு கல்லோடு தேய்ந்து எண்ணெயைக் கக்குகிறது. ஐந்து நிமிஷத்தில் விழுதின் ஓரம் பளபளப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கல் சூடேறுவதே இல்லை. மிளகு, சோம்பு, சீரகம் எல்லாவற்றிலும் மணம் என்பது உள்ளே இருக்கிற எண்ணெய்தான். அது சூட்டில் ஆவியாகிற ஜாதி. வாசனை சட்டிக்குப் போவதற்கு முன்பே அடுப்படியெல்லாம் கமகமக்கிறது என்றால், அவ்வளவும் குழம்பில் சேராமல் வெளியே போகிறது என்று அர்த்தம். அம்மியில் அரைக்கும்போது பக்கத்தில் நின்றாலும் வாசனை அளவாகத்தான் வரும். குழம்பு கொதிக்கும்போதுதான் அது எழும்பும்.

ஆனால் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அரைக் கிலோ கறிக்கே இருபத்தைந்து நிமிஷம்! தோள்பட்டை மறுநாள் வரை சொன்னது. அப்புறம் அம்மியின் மற்றப் பாடுகள். புதுக் கல் வாங்கினால் உமியோ அரிசியோ போட்டுத் திரும்பத் திரும்ப அரைத்துக் கொட்டி, கல்தூள் வருவது நிற்கும் வரை சமையலுக்கு எடுக்கக் கூடாது. தேய்ந்தால் கொத்த ஆள் வேண்டும். எங்கள் பக்கம் அம்மி கொத்துகிறவர் வருஷத்துக்கு ஒருமுறை தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார், இப்போது அதுவும் அரிதாகிவிட்டது. ஓசூர் இரண்டாவது மாடிக்கு யார் வருவார்கள்? அதுபோக, அம்மி தரையில் கிடக்க வேண்டிய சாமான். மேடையில் ஏற்றி நின்றுகொண்டு இழுத்தால் உடம்பின் பாரம் குழவியில் இறங்காது, கைதான் வலிக்கும்.

அடுத்து மிக்ஸி. மிக்ஸியைக் குறைத்துச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 2011-ல் அரசாங்கம் வீட்டுக்கு வீடு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று கொடுக்க ஆரம்பித்த பிறகு எங்கள் தெருவில் எத்தனை பெண்களுக்குக் காலை வேலையில் அரை மணி நேரம் மிச்சமாயிற்று என்று எனக்குத் தெரியும். ஆனால் வறுத்த மசாலாவுக்கு அதை அப்படியே போட்டுச் சுற்றினால் இரண்டு தொல்லை. ஒன்று, பிளேடு நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றுவதால் ஜார் சூடாகிவிடும். மூடியைத் திறந்ததும் மூக்கில் அடிக்கிற வாசனை குழம்புக்குச் சேர வேண்டியது. இரண்டு, கொஞ்சமாகப் போட்டால் பிளேடுக்கு எட்டாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எட்ட வேண்டும் என்று தண்ணீர் ஊற்றினால் மிளகு மிதந்து முழுசாகவே சுற்றும்.

இதற்கு ஆளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோட்டையூரில் என் நாத்தனார் வறுத்த சாமானை நன்றாக ஆறவைத்து, முதலில் தண்ணீரே இல்லாமல் விட்டுவிட்டு நாலு சுற்று சுற்றிப் பொடித்துக்கொள்வாள். பிறகு தேங்காய். கடைசியில்தான் தண்ணீர், அதுவும் குளிர்ந்த தண்ணீர். கசகசாவை மட்டும் கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காயோடு சேர்ப்பாள். ஊறாத கசகசா மிக்ஸியில் அரைபடவே படாது. குழம்பில் மணல் மாதிரி நாக்கில் தட்டும். நானும் அன்றைக்கு அப்படியே செய்தேன். ஆறு நிமிஷத்தில் முடிந்தது. விழுது வெண்ணெய் மாதிரி வந்தது. சொல்லப் போனால் அதுதான் குறையும்: தேங்காய் அதிகம் மசிந்து பால் பிரிந்து, மிளகாய் நிறத்தை வெளுக்க வைத்துவிட்டது.

மூன்றாவது மில் பொடி. எங்கள் வீட்டுக் கணக்கு, மல்லி ஒரு கிலோவுக்கு மிளகாய் அரைக் கிலோ, சோம்பு, சீரகம், மிளகு மூன்றும் 100 கிராம் வீதம், விரலி மஞ்சள் 50 கிராம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. மிளகாயைக் காம்போடு வளவில், அதாவது உள்முற்றத்தில், பரப்பி இரண்டு வெயில் காட்ட வேண்டும். நொறுங்குகிற பதம் வந்த பிறகுதான் காம்பு கிள்ளுவது. முதலிலேயே கிள்ளினால் விதை கொட்டும், காற்றுப் பட்டு நிறமும் மங்கும். மல்லியையும் மற்றதையும் வாணலியில் சூடு ஏற்றினால் போதும், சிவக்க வறுக்க வேண்டாம்.

மில்லில் கவனிக்க வேண்டியது முக்கியம். நமக்கு முன்னால் யார் என்ன திரித்தார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் கேட்காமல் விட்டு, முன்னால் திரித்த சீயக்காய் வாடை அந்தப் பொடி தீரும் மட்டும் எங்கள் குழம்பில் இருந்தது. அதிலிருந்து ஒரு கைப்பிடி பச்சரிசியோடுதான் மில்லுக்குப் போகிறேன். முதலில் அதைப் போட்டு ஓட்டச் சொல்லி, வருகிறதைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, பிறகுதான் என் சாமான். பொடி கைசுடச்சுட வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி தட்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி, முழுதாக ஆறிய பிறகு எவர்சில்வர் தூக்கில் போட்டு வைக்கலாம். கைபடாமல் கரண்டியால் எடுத்தால் ஆறு மாசம் கெடாது. ஆனால் கெடாமல் இருப்பது வேறு, மணத்தோடு இருப்பது வேறு. இரண்டு மாசம் தாண்டினால் நிறமும் காரமும் அப்படியே நிற்கும், சோம்பும் மிளகும் சோர்ந்துவிடும்.

கடைப் பொட்டலம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவசரத்துக்கு 50 கிராம் பொட்டலமாக வாங்குங்கள், பின்னால் அச்சடித்த தேதியைப் பாருங்கள், உப்பு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்; சேர்த்திருந்தால் குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள். செட்டிநாடு மசாலா என்று மேலே எழுதியிருக்கும், உள்ளே பெரும்பாலும் மல்லிதான் தூக்கலாக இருக்கும். கிரைண்டரும் இந்தக் கணக்கில் வராது. கல்யாண வீட்டுக்கு ஐந்து கிலோ கறி என்றால் நான் கிரைண்டரைத்தான் சொல்வேன், கல்லில் அரைபடுவதால் அம்மிக்கு அடுத்த ருசி அதுதான். ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்க அதில் மசாலா போட்டால் கல்லோடு ஒட்டியதை வழிக்கவே நேரம் போய்விடும்.

மதியம் மூன்று சட்டியையும் இறக்கி வைத்து, எதில் எது என்று சொல்லாமல் பரிமாறினேன். சாப்பிட்டது என் வீட்டுக்காரர், சின்னவன், அப்புறம் பக்கத்து வீட்டு ஆச்சி. ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயசு. பல் குறைந்தாலும் நாக்கு குறையவில்லை. மூன்றிலும் ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, அம்மிச் சட்டியைக் காட்டி, “இதுல கறி மசாலாவை வாங்கியிருக்கு. மத்த ரெண்டுலயும் மசாலா கறியைச் சுத்தி நிக்குது” என்றார். இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. அம்மி விழுதில் ஒரே அளவாக எல்லாம் மசிவதில்லை. கொஞ்சம் மாவாகவும் கொஞ்சம் ரவையாகவும் இருக்கும். மாவு குழம்பில் கரைகிறது, ரவை துண்டில் போய் ஒட்டுகிறது. எண்ணெய் மிதந்து வந்ததும் அந்தச் சட்டியில்தான் முதலில்.

சின்னவனுக்கு மிக்ஸிக் குழம்பு பிடித்தது. சோற்றுக்குக் கெட்டியாக இருக்கிறதாம். வீட்டுக்காரர் மூன்றும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அம்மிச் சட்டியிலேயே மூன்று தடவை வாங்கிக்கொண்டார். பொடிக் குழம்பு நிறத்தில் முதலாவது, மணத்தில் கடைசி.

கதை அத்தோடு முடிந்திருந்தால் முடிவு எளிது. மறுநாள் காலை இட்லிக்கு மிச்சக் குழம்பைச் சூடு பண்ணினேன். மூன்றையும் மறுபடி ருசி பார்த்தால், பொடிக் குழம்பு ருசியில் எங்கோ போயிருந்தது! ராத்திரி முழுக்க ஊறியதில் பொடியின் பச்சை வாடை போய், மல்லி குழம்போடு கலந்து, அடர்த்தியாக இறங்கியிருந்தது. அம்மிக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முந்தின நாள் மதியம் எழும்பிய மணம் இல்லை. மிக்ஸிக் குழம்பில் தேங்காய் தூக்கலாகிவிட்டது. இன்னும் ஒரு நேரம் வைத்திருந்தால் ஊசியிருக்கும். தேங்காய் அரைத்த குழம்பு எதுவானாலும் அடுத்த வேளைக்குள் முடித்துவிட வேண்டும் என்பதை மகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வைத்து நாலு நாள் ஃபிரிட்ஜில் வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு.

அந்த இட்லியைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நாங்கள் மசாலா என்று ஒரே பெயர் சொல்கிறோம், ஆனால் அதற்குள் மூன்று வேலை இருக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் மூன்றும் குழம்புக்கு உடம்பு. அவை பொடியாக இருந்தாலும் குறையில்லை, ஊற ஊற நல்லது. தேங்காயும் கசகசாவும் குழம்பைக் கட்டுகிறவை. அவை மசிந்தால் போதும், மிக்ஸி அதற்குத் தாராளம். மிளகு, சோம்பு, கல்பாசி, பட்டை இவைதான் மணம். இவற்றை எப்போது உடைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாப்பிடுகிற நேரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் உடைக்கிறோமோ அவ்வளவு நல்லது. அம்மி ஜெயித்தது இந்த மூன்றாவது வேலையில்தான். மற்ற இரண்டுக்கும் இருபத்தைந்து நிமிஷம் குழவியைப் பிடித்து இழுத்தது வீண் பாடு.

அப்படியானால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு சின்னக் கல் இருந்தால் போதுமே. இடிகல்!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். இடிந்த வீடுகளின் தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரம் என்று எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பார்க்க ஒரு பக்கம் வயிறு எரிந்தது, பர்மாவுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஐயாக்கள் கட்டிய வீட்டுச் சாமான்கள். மூலையில் ஒரு கை நீளத்துக்கு உலக்கையோடு இரும்பு இடிகல் ஒன்று கிடந்தது. துரு பிடித்திருந்தது. வாங்கி வந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி வெயிலில் வைத்து, இரண்டு தடவை அரிசி போட்டு இடித்துக் கொட்டினேன். மேடை ஓரத்தில் ஒரு சொம்பு வைக்கிற இடம் போதும் அதற்கு.

அதை வைத்து இந்த வாரம் நாலாவது தடவையாகக் குழம்பு வைத்துப் பார்த்தேன். எண்ணெயில் பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு போட்டுப் பொரியவிட்டு (கல்பாசி எண்ணெயில் பொரிந்தால்தான் மணம் விடும், தண்ணீரில் போட்டால் வெறும் பாசிதான்), வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, கறியைப் போட்டுப் பிரட்டி, மில் பொடி இரண்டு மேசைக்கரண்டி போட்டுத் தண்ணீர் ஊற்றி வேகவைத்தேன். கறி முக்கால் பதம் வெந்ததும் மிக்ஸியில் அரைத்த தேங்காய், கசகசா. இறக்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால், சூடு காட்டிய மிளகு ஒரு தேக்கரண்டியும் சோம்பு அரைத் தேக்கரண்டியும் இடிகல்லில் ஒன்றிரண்டாக நசுக்கித் தூவி மூடினேன். நசுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆச்சிக்கு ஒரு கிண்ணம் அனுப்பினேன். “அம்மியா?” என்று சின்னவனிடம் கேட்டு அனுப்பினார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். “பரவாயில்லை, பாதி அம்மி” என்று பதில் வந்தது. பாதி அம்மி எனக்குச் சம்மதம்.

மிளகு வறுவல் என்றால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் குழம்பு இல்லை, மசாலா துண்டில் ஒட்டியாக வேண்டும். அதற்குப் பொடியே வேண்டாம், எல்லாவற்றையும் இடிகல்லிலேயே இடித்துக்கொள்ளலாம், கால் கிலோ கறிக்கு மேல் போகாமல் இருந்தால் சரி. உப்புக்கறிக்கு எதுவுமே அரைக்க வேண்டியதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, விதை தட்டிய வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய் இவ்வளவுதான். வேலை முடிந்து களைத்து வருகிற நாளில் அவள் அதைத்தான் வைக்க வேண்டும். வெண்டைக்காய் மண்டிக்கும் அரைப்பு இல்லை, அரிசி கழுவிய தண்ணீரும் புளியும் போதும். மசாலாவே இல்லாமல் வாரத்தில் நாலு நாள் ஓட்டலாம் என்பதை இந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. செட்டிநாடு என்றாலே எல்லாவற்றிலும் மசாலா என்று கடைப்பலகைகள் பழக்கிவிட்டன.

மகளிடம் நேற்று சொன்னேன்: அம்மி வேண்டாம். பெரிய மிக்ஸியும் வேண்டாம், சின்ன ஜார் ஆழமாக இருக்கிற 750 வாட்ஸ் மிக்ஸி ஒன்று போதும். இடிகல் நான் தருகிறேன். பொடி அரைக் கிலோவுக்கு மேல் ஒரு தடவைக்குத் தர மாட்டேன், இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வரும்போது புதுசாக எடுத்துப் போகலாம்.

“அப்ப ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நான் வரணும்” என்றாள்.

ஆமாம் என்றேன். மல்லி நேற்றே வாங்கிவிட்டேன். மிளகாய் இன்றைக்கு இரண்டாவது வெயில். சாயந்தரம் காம்பு கிள்ள உட்கார வேண்டும்.